எஃகில் ஹைட்ரஜனை அறியும் மின்வேதி உணரிகள்

எஃகுக்குள் அணுக்களாகப் புகுந்து நகரும் ஹைட்ரஜனை மின்னோட்டமாக அளக்கும் கருவிகள் இப்பெயரால் வழங்கும். மாதிரியை உருக்கி வெளிவரும் வளிமத்தை அளந்தால் எஃகிலுள்ள மொத்த ஹைட்ரஜன் தெரியும். இவ்வுணரிகளோ நகரும் பங்கை மட்டுமே காட்டும். இதைக் குறையென்பர் சிலர். ஆனால் எஃகை நொறுங்கவைப்பது நகரும் பங்கே என்பதற்குப் பழைய சான்று உண்டு. அமிலத்தில் சற்றுநேரம் தோய்த்த இரும்புக் கம்பி எளிதில் ஒடிகிறது, முறிந்த முகத்தை நனைத்தால் குமிழ்கள் எழுகின்றன, சில நாள் விட்டுவைத்தால் கம்பி பழைய உறுதியைப் பெறுகிறது என்று டபிள்யூ. எச். ஜான்சன் 1875இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் எழுதினார். வெளியேறக்கூடிய ஹைட்ரஜன் போனதும் கேடும் நீங்கியது; உள்ளேயே தங்கியது கம்பியை ஒடிக்கவில்லை.

அந்த வெளியேற்றத்தை எண்ணக் கற்றுத்தந்தவர் தேவநாதன். எம். ஏ. வி. தேவநாதனும் ஸ்டாசுர்ஸ்கியும் 1962இல் அதே சொசைட்டியின் இதழில் விவரித்த இரட்டைக் கலம் இருவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. முதலில் ஆராயப்பட்டது பல்லேடியம். இரும்பு பின்னரே வந்தது. இரு கலங்களுக்கிடையே மெல்லிய தகடு தடுப்பாக நிற்கும். ஒருபுறம் அதை எதிர்மின்முனையாக்கி ஹைட்ரஜனை உட்செலுத்துவர். மறுபுறம் காரக் கரைசலில், நேர்மின்னழுத்தத்தின்கீழ், வந்துசேரும் ஒவ்வோர் அணுவும் ஓர் எலக்ட்ரானை இழக்கும். ஒரு மைக்ரோஆம்பியர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 6.2 லட்சம் கோடி அணுக்கள். சாதாரண ஆய்வகத் தராசு எதுவும் இத்தனை நுட்பமாக எண்ணாது. வெளியேறும் முகத்தில் பல்லேடியம் பூசுவது, இரும்பே கரைந்தோ ஆக்சைடாகியோ கணக்கைக் கெடுக்காமலிருக்க. மின்னோட்டம் நிலைமதிப்பின் 63 விழுக்காட்டை எட்டும் நேரத்தை ஆறால் பெருக்கி, தகட்டின் தடிப்பின் வர்க்கத்தை அதனால் வகுத்தால் விரவல் கெழு கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் தூய இரும்பை ஹைட்ரஜன் அரை நிமிடத்துக்குள் கடக்கலாம். படிகக் குறைகளும் கார்பைடுத் துகள்களும் பொறிகளாக நிறைந்த எஃகில் அரைமணி நேரமும் ஆகலாம்.

பொறியில் சிக்கிய ஹைட்ரஜனும் ஆபத்தானதல்லவா என்ற வினா நியாயமானதே. ஆனால் வெப்பத்தாலோ தகைவாலோ விடுபட்டதும் அது நகரும் பங்கோடு சேர்ந்து கணக்குக்குள் வந்துவிடுகிறது. விடுபடாததையும் இம்முறை முழுதாகத் தவறவிடுவதில்லை: ஒருமுறை செலுத்தி வெளியேற்றியபின் மறுபடி செலுத்தினால், ஆழ்பொறிகள் முன்பே நிரம்பியிருப்பதால் மின்னோட்டம் விரைந்து எழும். இரு வளைகோடுகளின் வித்தியாசமே அப்பொறிகளின் அளவு. தகட்டை வெட்டியெடுக்க முடியாத பொருள்களுக்கு இம்முறை உதவாது என்ற மறுப்புக்குத்தான் வலு உண்டு. அதற்கு விடையாக அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள் உருவாக்கியது, கப்பலடியில் ஒட்டி வளரும் கடலுயிரியின் பெயர் பெற்ற பார்னகிள் மின்முனை. பொருளின் ஒரு பரப்பிலேயே பொருத்தி, 0.2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நிக்கல் ஆக்சைடு மின்முனையோடு இணைத்து, அரைமணி கழித்து ஓட்டத்தைக் குறிப்பர். முலாம் பூசிய உறுதிமிகு எஃகுப் பாகங்களுக்கு இது ஏற்றது.

இரட்டைக் கலத்துக்கு ஐஎஸ்ஓ 17081 தரநிலை 2004இல் வந்தது. திரவத்துக்குப் பதிலாக நாஃபியான் போன்ற திண்ம மின்பகுளிகளைக் கொண்ட உணரிகளும், உருகிய உலோகத்துக்கான கால்சியம் சிர்கோனேட் பீங்கான் உணரிகளும் உள்ளன. பின்னது முதலில் நிலைபெற்றது அலுமினியத்தில்.