ஐக்கிய தாஸ்மானியா குழு

ஐக்கிய தாஸ்மானியா குழு என்பது ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான தாஸ்மானியாவில் 1972 மார்ச் 23 அன்று தோன்றிய அரசியல் கட்சி. உலகின் முதல் பசுமைக் கட்சி என்று பலரும் இதையே குறிப்பிடுவர். சுவிட்சர்லாந்தின் நொசத்தேல் பகுதியில் 1971 டிசம்பரில் உருவான அமைப்புக்கே அந்தப் பெருமை உரியது என்போரும் உண்டு. சில மாத வித்தியாசத்தை வைத்து வாதாடுவதைவிட, ஓர் ஏரிக்காக ஏன் கட்சி தொடங்க நேர்ந்தது என்பதை அறிவதே மாணவர்களுக்குப் பயன்படும்.

தாஸ்மானியாவின் தென்மேற்கு மலைக்காட்டில் இருந்தது பெடர் ஏரி. பரப்பு ஏறத்தாழ 10 சதுர கி.மீ. தான். அதன் கரையில் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட படிகக்கல் மணல் சுமார் 3 கி.மீ. நீளத்துக்கு விரிந்து கிடந்தது. கோடையில் சிறு விமானங்கள் அந்த மணலிலேயே இறங்கும். 1955 முதல் இது தேசியப் பூங்கா. ஆனால் மாநில நீர்மின் ஆணையம் கார்டன் ஆற்று மின்திட்டத்துக்காக இதை மூழ்கடிக்க முடிவு செய்தது. மலிவான மின்சாரம் தந்தால் தொழிற்சாலைகள் வரும் என்பது அன்றைய அரசின் கொள்கை. 'எலக்ட்ரிக் எரிக்' என்று பட்டப்பெயர் பெற்ற தொழிற்கட்சி முதல்வர் எரிக் ரீஸ் இதில் உறுதியாக இருந்தார். எதிர்க்கட்சியான லிபரல் கட்சியும் அணையை ஆதரித்தது. ஏரியைக் காக்க விரும்பிய வாக்காளர் யாருக்கு ஓட்டுப் போடுவது? சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருந்தது.

இந்த ஏரியை மக்களுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஒலேகாஸ் துருக்கானாஸ். லித்துவேனியாவில் பிறந்து அகதியாக வந்தவர். அதே நீர்மின் ஆணையத்தில் வேலை பார்த்தவர். 1967 பிப்ரவரி காட்டுத்தீயில் அவருடைய படத்தொகுப்பு முழுவதும் எரிந்துபோனது. மறுபடியும் காட்டுக்குள் நடந்து படம் எடுத்து, ஹோபார்ட் நகர மண்டபத்தில் திரையிட்டுக் காட்டினார். 1972 ஜனவரியில் கார்டன் ஆற்றில் மூழ்கி இறந்தார்.

அவர் இறந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், கூட்டணி அரசு கவிழ்ந்து திடீர்த் தேர்தல் வந்தது. பெடர் ஏரி நடவடிக்கைக் குழுவினர் அதே ஹோபார்ட் நகர மண்டபத்தில் பொதுக்கூட்டம் கூட்டினர். இயற்கைப் பாதுகாப்பை முதன்மையாகக் கொண்ட வேட்பாளர்களை ஒரே அணியாக நிறுத்துவது என்று தீர்மானம் நிறைவேறியது. தாஸ்மானியப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஜோன்ஸ் தலைமை ஏற்றார்.

தேர்தல் நாள் ஏப்ரல் 22. கையில் இருந்ததோ 30 நாள். 12 பேர் நின்றனர். மாநில அளவில் 3.9 விழுக்காடு வாக்கு கிடைத்தது, ஒருவரும் வெல்லவில்லை. தாஸ்மானியாவில் அப்போது ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஏழு உறுப்பினர்கள் விகிதாச்சார முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எட்டில் ஒரு பங்கு வாக்கு இருந்தால் ஓர் இடம் உறுதி. ஒரு மாதக் கட்சிக்கு அதுவும் எட்டாத உயரம்தான். ரீஸ் மீண்டும் முதல்வரானார்.

அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று, கட்சியின் வேட்பாளராக நின்ற பிரெண்டா ஹீன், விமானி மேக்ஸ் பிரைசுடன் பழைய டைகர் மாத் விமானத்தில் கான்பெராவுக்குப் புறப்பட்டார். ஏரிக்காக நாடாளுமன்றத்தின் ஆதரவைத் திரட்டுவது நோக்கம். விமானமும் இருவரும் இன்றுவரை கிடைக்கவில்லை. நாசவேலை என்ற ஐயம் அன்றே எழுந்தது, நிரூபணம் இல்லை.

1973-இல் விட்லம் தலைமையிலான மத்திய அரசின் விசாரணைக் குழு, ஏரியை மூழ்கடிப்பதை நிறுத்திவைக்கலாம், செலவை மத்திய அரசே ஏற்கலாம் என்று பரிந்துரைத்தது. ரீஸ் மறுத்துவிட்டார். ஏரி சுமார் 240 சதுர கி.மீ. நீர்த்தேக்கத்துக்கு அடியில் போயிற்று. அதற்கும் பெடர் ஏரி என்றே பெயர் வைத்ததை என்னவென்று சொல்வது!

ஏரி போனபின்னும் கட்சி உடனே கலையவில்லை. 'புதிய அறம்' என்ற தலைப்பில் கொள்கை அறிக்கை வெளியிட்டது. 1976 வரை தேர்தல்களில் நின்றது. 1975 செனட் தேர்தலில் அதன் வேட்பாளர்களுள் ஒருவர் பாப் பிரவுன் என்ற இளம் மருத்துவர். 1976-இல் உருவான தாஸ்மானியக் காட்டுவெளிச் சங்கத்தில் அவர் முன்னணியில் இருந்தார். அந்தச் சங்கம் ஃபிராங்க்ளின் ஆற்று அணைக்கு எதிராகப் போராடியது. 1983 ஜூலை 1 அன்று உயர் நீதிமன்றம் 4-க்கு 3 என்ற தீர்ப்பில் அந்த அணையைத் தடுத்தது. பிரவுன் பின்னர் ஆஸ்திரேலியப் பசுமைக் கட்சியின் தலைவரானார். பெடர் ஏரியை வடியவைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கோரும் இயக்கம் 1990களில் தொடங்கி இன்றும் நடந்துவருகிறது.