நடந்துகொண்டே பேசிய வைத்தியம்

1909-இல் மாக்ஸ் ஐட்டிங்கோன் என்ற இளம் மருத்துவர், வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டோடு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கப் போவார். வாரம் இரண்டு தடவை. நடந்துகொண்டே மனதில் இருப்பதைப் பேசுவார்; ஃபிராய்ட் பகுத்துச் சொல்வார். அடுத்தவர் மனதுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர் முதலில் தன் மனதைக் காட்டவேண்டும் என்ற பழக்கம் இங்கிருந்து தொடங்கியதாகத்தான் பலரும் எழுதுகிறார்கள்.

1912-இல் ஃபிராய்ட் அதை எழுத்திலும் வலியுறுத்தினார். பெருமையைச் சூரிக் குழுவுக்குக் கொடுத்தார். 1918 புடாபெஸ்ட் மாநாட்டில் ஹெர்மன் நுன்பெர்க் அதைக் கட்டாயமாக்கச் சொன்னபோது எடுபடவில்லை. (அதே 1918-இல் ஃபிராய்ட் தன் மகள் ஆனாவுக்கே உளப்பகுப்பாய்வு செய்ய ஆரம்பித்தார். இன்றைக்கு யாராவது செய்தால் லைசென்ஸ் போய்விடும்!) 1920-இல் பெர்லினில் ஐட்டிங்கோனும் நண்பர்களும் கிளினிக் திறந்தார்கள். மாணவர்களைப் பகுப்பாய்வு செய்வதற்கென்றே ஹான்ஸ் சாக்ஸ் அங்கே வந்தார்.

இன்று கவுன்சலிங் மாணவர்களிடம் இதை 'செல்ஃப் கேர்' என்கிறோம். ஆனால் விதி வந்தது மாணவருக்காக இல்லை, நோயாளிக்காக. இன்ஜினியர் புத்திக்கு இது சட்டென்று பிடிபடும்: காலிபரேட் செய்யாத மீட்டரில் ரீடிங் எடுக்கமாட்டோம். இங்கே ஆலோசகரின் மனசுதான் மீட்டர். மீட்டருக்கும் அடிபடும் என்று ஃபிராய்ட் 1937-இல் வெளிப்படையாக எழுதினார். பாதுகாப்பில்லாமல் எக்ஸ்ரேயைக் கையாள்கிறவருக்கு வரும் ஆபத்தோடு அதை ஒப்பிட்டு, ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது வெட்கப்படாமல் திரும்பப் போகச் சொன்னார். செல்ஃப் கேர் என்ற பேச்சுக்கு அந்த எக்ஸ்ரேதான் பொருத்தமான மூதாதை என்பேன்.

கோளாறு வேறு இடத்தில். கவுன்சலிங் படிக்கும் என் சித்தி மகள் கேட்டாள்: "அண்ணே, எனக்கு பயமா இருக்குன்னு அவங்ககிட்ட சொன்னா, மார்க்ல கை வைப்பாங்களா?" அவளுடைய யுனியில் ஆலோசனை தருபவரே பாடமும் எடுக்கிறார்.

பழைய கேள்விதான். பல பயிற்சிக் கழகங்களில் மாணவரின் மனதைக் கேட்டவரே, இவர் தேறுவாரா என்று மேலிடத்துக்கு அறிக்கையும் கொடுத்தார். அப்புறம் எந்த மாணவர் உள்ளதைச் சொல்வார்? மைக்கேல் பாலின்ட் 1948-இல் இந்தப் பயிற்சி முறையைப் பழங்குடிகளின் சடங்கோடு ஒப்பிட்டார்: குழுவுக்குள் வருகிறவர் மூத்தவரைப் போலவே ஆகிவிடுகிறார். பிரான்சில் வேறு வழி எடுத்தார்கள். பகுப்பாய்வு மாணவரின் சொந்த விஷயம், கழகம் அதில் தலையிடாது.

என்னைக் கேட்டால், கட்டாயம் இருக்கட்டும். அறைக்குள் பேசியது மட்டும் வெளியே வரக்கூடாது. சித்தி மகள் இப்போது பகுதிநேரச் சம்பளத்தில், வேறு ஊரில் ஒருவரைப் பார்க்கிறாள். போக வர பஸ்ஸிலேயே மூன்று மணி நேரம்.