காந்தா: பழஞ்சேலையில் பிறந்த வங்கத் தையற்கலை

காந்தா என்பது வங்காளத்துப் பெண்கள் பழைய பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கித் தைத்த போர்வை, விரிப்பு, உறை ஆகியவற்றைக் குறிக்கும் பெயராகும். இன்றைய மேற்கு வங்காளத்திலும் வங்காளதேசத்திலும் இது வழங்குகிறது. படங்கள் நிறைந்த காந்தாவை நக்சி காந்தா என்பர். விலைக்கு வாங்கிய பொருள் எதுவும் இல்லாமல், வீட்டில் கழித்துப்போட்ட துணியைக் கொண்டே செய்யப்பட்ட கலை என்பது இதன் தனிச்சிறப்பு.

பெயர்

வடமொழியில் கந்தா என்ற சொல் கிழிந்த துணிகளை ஒட்டுப்போட்டுச் செய்த ஆடையைக் குறிக்கும். துறவிகளும் இரவலர்களும் அணிந்த ஆடை அது. தமிழில் வழங்கும் கந்தை என்ற சொல்லும் இதனோடு உறவுடையது. ஆகவே இக்கலையின் பெயரே அதன் மூலப்பொருளைச் சொல்லிவிடுகிறது.

பொருளும் செய்முறையும்

பலமுறை துவைத்த பருத்திச் சேலை மெல்லியதாகவும் மென்மையாகவும் இருக்கும். தனியே உடுத்த முடியாத அளவுக்கு நைந்த சேலைகள் சிலவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, சுருக்கம் நீக்கி, ஓரங்களில் கனமான பொருட்களை வைப்பார்கள். பிறகு அடுக்குகள் நகராதபடி பெரிய தையல்களால் இணைப்பார்கள். அதன்பின் படங்களும் இடைவெளிகளும் நுண்ணிய ஓட்டுத் தையலால் நிரப்பப்படும். ஊசி துணியின் மேலும் கீழும் மாறிமாறிச் செல்லும் எளிய தையல் இது. நெருக்கமாகத் தைக்கும்போது துணி இலேசாகச் சுருங்கி, நீர்ப்பரப்பின் சிற்றலை போன்ற தோற்றம் உண்டாகிறது.

நூலும் சேலையிலிருந்தே கிடைத்தது. சேலையின் வண்ணக் கரையிலிருந்து இழைகளை உருவி எடுத்துத் தைத்தனர். அக்காலச் சேலைக் கரைகள் பெரும்பாலும் சிவப்பு, நீலம், கறுப்பு நிறங்களில் இருந்தன. 19ஆம் நூற்றாண்டுக் காந்தாக்களில் வெள்ளைத் துணிமீது இந்த மூன்று நிறங்களே மிகுதியாகக் காணப்படுவதற்குக் காரணம் இதுதான்.

வகைகள்

பயனைப் பொறுத்துக் காந்தாவின் பெயர் மாறும். லேப் என்பது குளிர்காலத்தில் போர்த்தும் தடித்த போர்வை. சுஜனி என்பது விருந்தினருக்கும் சடங்குகளுக்கும் விரிப்பது. நூல்களையும் மதிப்புள்ள பொருட்களையும் சுற்றிவைப்பது பைத்தன். கண்ணாடியும் சீப்பும் வைப்பது ஆர்சிலதா. தலையணை உறைக்கு ஓயார் என்று பெயர். பிறந்த குழந்தையைச் சுற்றவும் காந்தாவே பயன்பட்டது.

படங்கள்

பெரும்பாலான நக்சி காந்தாக்களின் நடுவில் தாமரையும் நான்கு மூலைகளில் மரமோ மாங்காய் வடிவமோ இருக்கும். இடைப்பட்ட பகுதியில் தைப்பவர் தாம் கண்டவற்றை நிரப்பினார். பல்லக்கு, படகு, யானை, தேர் ஆகியவற்றுடன் சீப்பு, பாக்குவெட்டி, அரிவாள்மனை போன்ற வீட்டுப் பொருட்களும் இடம்பெற்றன. ஆங்கிலேயர் ஆட்சிக்காலக் காந்தாக்களில் துரைமார்களும் படைவீரர்களும் சீட்டுக்கட்டுப் படங்களும் வருகின்றன.

வரலாறு

16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கீசிய வணிகர்கள் சாத்காவ், ஹூக்ளி பகுதிகளிலிருந்து பட்டுநூல் வேலைப்பாடுள்ள போர்வைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினர். அவை விற்பனைக்காகப் புதுத்துணியில் செய்யப்பட்டவை. வீட்டுக் காந்தா விற்பனைக்கு உரியதாக இருக்கவில்லை. மகளுக்கும் மருமகனுக்கும் பேரக்குழந்தைக்கும் தரப்பட்ட அன்பளிப்பு அது. சமையலும் பிற வேலைகளும் முடிந்த பிறகு கிடைத்த நேரத்தில் தைத்ததால், ஒரு காந்தா முடியப் பல மாதங்கள் ஆகும். சில பல ஆண்டுகளும் எடுத்தன.

ஏற்கெனவே நைந்த துணியில் செய்து அன்றாடம் பயன்படுத்தியதால் காந்தாக்கள் விரைவில் அழிந்தன. இன்று எஞ்சியுள்ள பழைய காந்தாக்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்தவை. பேணிவைத்த சடங்குக் காந்தாக்களே தப்பின. குழந்தைக்குப் போர்த்தியவை மறைந்தன. எனவே அருங்காட்சியகங்களில் இருப்பவை இக்கலையின் ஒரு சிறு பகுதி மட்டுமே.

தைத்தவர்களின் பெயர்களும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மானதாசுந்தரி தாசி இதற்கு விதிவிலக்கு. தந்தைக்காகத் தைத்த காந்தாவில் தம் பெயரையும் அவர் எழுத்தாகத் தைத்துள்ளார். கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் அது பாதுகாக்கப்படுகிறது. இந்த அருங்காட்சியகத்தின் அடிப்படை, குடிமைப்பணி அதிகாரியான குருசதய் தத் (1882-1941) ஊர் ஊராகச் சேகரித்த நாட்டார் கலைப்பொருட்களாகும்.

கவிஞர் ஜசீமுதீன் 1929இல் வெளியிட்ட ‘நக்சி காந்தார் மாட்’ என்ற கதைக்கவிதை இக்கலையை இலக்கியத்தில் நிலைநிறுத்தியது. கணவன் ரூபையைப் பிரிந்த சாஜு, தன் வாழ்க்கையையே காந்தாவில் தைத்து, அதைத் தன் கல்லறைமீது விரிக்கச் சொல்லி இறப்பதே இதன் கதை. கலை வரலாற்று அறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் காந்தா பற்றி விரிவான கட்டுரை எழுதினார். அவர் சேகரித்த காந்தாக்கள் இப்போது அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளன.

வீழ்ச்சியும் மறுமலர்ச்சியும்

ஆலைத்துணியும் கடைப் போர்வையும் மலிவாகக் கிடைத்தபோது காந்தா குறையத் தொடங்கியது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் குடும்பங்கள் இடம்பெயர்ந்தது மேலும் ஓர் அடியாக அமைந்தது.

1971இல் வங்காளதேசம் உருவான பின், வருவாயற்ற பெண்களுக்கு வேலை தரும் வழியாகக் காந்தா மீண்டும் எழுந்தது. 1978இல் தொடங்கப்பட்ட ஆரோங் போன்ற விற்பனை நிறுவனங்கள் இதற்குச் சந்தை அமைத்தன. 1980களில் டாக்காவில் ஓவியர் சுரையா ரகுமான் வரைந்த காட்சிகளை ஏழைப் பெண்கள் பலர் தைத்தனர். மேற்கு வங்காளத்தில் பட்டுச் சேலைகளிலும் காந்தாத் தையல் பரவியது. 2008இல் மேற்கு வங்காளத்தின் நக்சி காந்தா புவிசார் குறியீடு பெற்றது. 2023இல் காந்தாக் கலைஞர் பிரீத்திகணா கோஸ்வாமிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மாற்றங்கள்

இன்றைய விற்பனைக் காந்தாவில் பெரும்பாலும் புதுத்துணியும் கடைநூலும் பயன்படுகின்றன. படத்தை வடிவமைப்பாளர் வரைகிறார். அது துணியில் பதிக்கப்பட்டபின் தைப்பவர் கோட்டின்மீது ஊசியை ஓட்டுகிறார். இந்த மாற்றம் பல பெண்களின் கைக்கு முதன்முறையாகப் பணம் வரச் செய்தது. அதேவேளை, எதைத் தைப்பது என்று முடிவுசெய்யும் உரிமை அவர்களிடமிருந்து நகர்ந்தது. பழைய காந்தாவைத் தைத்தவருக்குக் கூலி இல்லை, ஆனால் படம் அவருடையது. புதிய காந்தாவில் கூலி உண்டு, படம் பிறருடையது. தையலுக்கு உரிய கூலியும் படத்தில் தைப்பவருக்குப் பங்கும் ஒருசேரக் கிடைப்பதே இக்கலையின் முன்னுள்ள கேள்வியாகும்.