அவித்த கிழங்கைவிடக் கொஞ்சம் மேல்

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பிளாஸ்டிக் டப்பா குடியேறியது. மெழுகுவத்தி, தீப்பெட்டி, டார்ச், குளுக்கோஸ், நாலைந்து பிஸ்கட் பாக்கெட், இரண்டு பெரிய சாக்லேட். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் சாக்லேட்டைக் காணோம். பிஸ்கட் அதற்கும் முன்பே போயிருந்தது. யார் தின்றது என்று கேட்டால் ஆளாளுக்கு விட்டத்தைப் பார்க்கிறார்கள். நானும்தான் பார்த்தேன். மெழுகுவத்தி மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

பால் லோகன் என்ற அமெரிக்க ராணுவ கேப்டனுக்கு இந்த வீட்டுப் பிரச்சினை நன்றாகப் புரிந்திருக்கும். ராணுவத்துக்குச் சாப்பாடும் சாமானும் அனுப்பும் துறையில் இருந்தவர் அவர். படையிலிருந்து பிரிந்து, சமையல் வண்டி எட்டாத இடத்தில் மாட்டிக்கொண்ட சிப்பாய் ஒரு நாள் உயிரோடிருக்கச் சட்டைப்பையில் ஏதாவது வேண்டும். அதற்குமுன் அமெரிக்க ராணுவம் கொடுத்துவந்த ‘இரும்பு ரேஷன்’ மாட்டிறைச்சித் தூளையும் கோதுமையையும் அழுத்திச் செய்த கட்டி, கூடவே கொஞ்சம் சாக்லேட். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவம் தன்னுடைய இரும்பு ரேஷனை அதிகாரி சொல்லாமல் தொடக்கூடாது என்று விதியே வைத்திருந்தது. விதி வைக்க வேண்டி வந்ததென்றால் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

1937 ஏப்ரலில் லோகன் பென்சில்வேனியாவுக்குப் போனார். மில்டன் ஹெர்ஷி தன் சாக்லேட் ஆலையைச் சுற்றி எழுப்பிய ஊர். ஊருக்கும் ஹெர்ஷி என்றே பெயர். அங்கே கம்பெனித் தலைவர் வில்லியம் மர்ரியையும் தலைமை வேதியியலாளர் சாம் ஹிங்கிளையும் பார்த்து நாலு நிபந்தனைகளை வைத்தார். எடை 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம். நிறையச் சக்தி தர வேண்டும். வெயிலில் உருகக் கூடாது. நாலாவதுதான் விசேஷம்: ருசி அவித்த உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம் மேலாக இருந்தால் போதும். அவர் கேட்டது உப்பு, மிளகாய்த்தூள் போட்டு வதக்கிய கிழங்கு இல்லை, வெறுமே அவித்தது.

நன்றாக இருந்தால் சிப்பாய் முதல் நாளே தின்றுவிடுவான் என்பது அவர் கணக்கு. இனிப்பு விற்றே ஊரைக் கட்டிய கம்பெனியிடம் போய் ருசியைக் குறைக்கச் சொன்ன வாடிக்கையாளர் அநேகமாக இவர் ஒருவராகத்தான் இருப்பார். ஆனால் எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த மில்டன் ஹெர்ஷி விஷயத்தைக் கேட்டு உற்சாகமாகிவிட்டார்.

ஹிங்கிளுக்குத்தான் தலைவலி. கோகோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும். சாக்லேட் நாக்கில் கரையும் சுகமே அதனால்தான். இங்கே அந்தச் சுகமே எதிரி. அவர் ஓட்ஸ் மாவைத் தாராளமாகச் சேர்த்தார், இனிப்பை அடக்கினார், கொழுப்பு நீக்கிய பால்பவுடரும் வெனிலா மணமும் கலந்தார். கலவை 49 டிகிரி செல்சியஸ் வரை தாங்கியது. ஆனால் ஊற்ற வரவில்லை. பாகு மாதிரி ஓட வேண்டியது பிசைந்த மாவு மாதிரி நின்றது. ஆலையின் அச்சு இயந்திரங்கள் கைவிரித்தன. ஒவ்வொரு கட்டியையும் ஆட்கள் பிசைந்து, நிறுத்து, கையாலேயே அச்சில் அழுத்தினார்கள். இப்படியே ஜூன் மாதம் 90,000 கட்டிகள் தயாராகி, பிலிப்பைன்ஸ், ஹவாய், பனாமா, டெக்சாஸ் எல்லை என்று வெயில் கொளுத்தும் இடங்களுக்குச் சோதனைக்குப் போயின. சோதனையில் தேறின.

‘டி ரேஷன்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு கட்டி 600 கலோரி; மூன்று சேர்ந்தால் ஒரு நாள் தாக்குப்பிடிக்க 1,800. பெரிபெரி நோய்க்குப் பயந்து வைட்டமின் பி1 சேர்த்தார்கள். விஷவாயு புகாதபடி உறை போட்டார்கள். மெதுவாக, அரைமணி நேரம் வைத்துச் சாப்பிடவும், அல்லது நொறுக்கி வெந்நீரில் கரைத்துக் குடிக்கவும் என்று குறிப்பு. மெதுவாகச் சாப்பிடச் சொல்லியிருக்கவே வேண்டாம். கட்டி செங்கல் மாதிரி இருந்தது. பல் சரியில்லாதவர்கள் கத்தியால் சீவித்தான் வாயில் போட்டார்கள்.

1939-ல் நாளுக்கு ஒரு லட்சம் கட்டி செய்யக்கூடியதாக இருந்த ஹெர்ஷி ஆலை, போர் முடியும்போது வாரத்துக்கு 2.4 கோடி செய்தது. சிப்பாய்களோ இதற்கு ‘ஹிட்லரின் ரகசிய ஆயுதம்’ என்று பெயர் சூட்டினார்கள். வயிற்றை அது படுத்திய பாடு அப்படி. இதற்கு அவித்த கிழங்கே மேல் என்று சொன்னவர்கள் உண்டு. கைக்கு வந்ததும் தூக்கி எறிந்தவர்களும் உண்டு.

பழி முழுவதும் ஹிங்கிள் மேல் போடுவது நியாயமில்லை. வேறு வழியே இல்லாத ஒரு நாளுக்கென்று செய்ததை, போர்முனையில் வழக்கமான சாப்பாடாகவே நீட்டினார்கள். தீயணைப்பு வாளி மணலைச் சோற்றில் போட்டுவிட்டு நறநறக்கிறதே என்றால் எப்படி? வழக்கமான சாப்பாட்டுக்கென்றே ‘சி’, ‘கே’ என்ற வேறு ரேஷன்கள் வந்தன. ஆனால் லோகன் கணக்கிலும் ஓட்டை இருந்தது. ஆசையை அளந்தவர் அருவருப்பை அளக்கவில்லை. வழியிலேயே எறிந்துவிட்ட கட்டி, வழிதவறிய அன்றைக்கு எப்படி உதவும்?

1943-ல் ராணுவமே இறங்கிவந்து, சூட்டையும் தாங்க வேண்டும், வாயிலும் வைக்க முடிய வேண்டும் என்று கேட்டது. ‘டிராபிகல் பார்’ பிறந்தது. ருசி தேறியது என்று சொல்லலாம், அதற்குமேல் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து 1945-க்குள் 300 கோடிக்கு மேல் போயின. 1971-ல் அப்பல்லோ 15 விண்கலத்திலும் டிராபிகல் பார் பயணம் போனது.

எங்கள் பரண் டப்பாவில் இப்போது சர்க்கரை இல்லாத ஓட்ஸ் பிஸ்கட் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக ஒரு பாக்கெட்கூடக் குறையவில்லை. காலாவதித் தேதி தாண்டியிருக்கும், ஏறிப் பார்க்க வேண்டும்.