சிவனொளிபாதமலைப் பாதைகள்: இப்னு பதூதாவின் பகுப்பு ஒரு மறுஆய்வு

இலங்கையின் 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாதமலைக்கு ஏறும் வழிகளை எளியது, கடியது எனத் தரம் பிரித்துச் சொல்லும் பழைய சான்றுகளுள் விரிவானது இப்னு பதூதாவின் பயண நூல். பிற்காலத்தார் பலரும் இந்த மலையை அவர் கண்கொண்டே பார்த்தனர். ஆனால் அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முந்தைய உள்ளூர்ச் சான்றுகளை அருகில் வைத்துப் படித்தால், அந்த இருவகைப் பகுப்பு மலையைவிட அவரை அழைத்துச் சென்றவர்களின் நோக்கையே அதிகம் காட்டுகிறது.

1344இல் புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதாவை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி வரவேற்றுப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து மலைக்கு அனுப்பினார். அந்தத் துணையில் நான்கு யோகிகள் இருந்தனர். ஆண்டுதோறும் திருவடியைத் தரிசிப்பது அவர்கள் வழக்கம். மலைக்கு இரண்டு பாதைகள் என்கிறது நூல். ஆதமின் பெயரால் ஒன்று பாபா பாதை. ஹவ்வாவின் பெயரால் மற்றொன்று மாமா பாதை. மாமா பாதை எளிது, திரும்பும்போது அதில் இறங்குவார்கள். ஆனால் அதன் வழியே ஏறியவர் யாத்திரை செய்தவராகவே கருதப்படமாட்டார். பாபா பாதை கடினமானது. பாறையில் படி வெட்டி, இரும்பு முளை அடித்து, பத்துச் சங்கிலிகள் தொங்கவிட்டிருந்தார்கள். பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி. அங்கிருந்து கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோமோ என்று நடுங்கி, இஸ்லாமிய உறுதிமொழியான கலிமாவைச் சொல்லிவிடுவார் என்பது அதற்கு அவர் தரும் காரணம்.

கடினத்தையே புண்ணியத்தின் அளவுகோலாக்கும் இந்தக் கருத்து, ஆண்டுதோறும் ஏறிப் பழகிய யோகிகளுக்குப் பொருந்தும். எல்லா யாத்திரிகர்களுக்கும் அதுவே விதியாக இருந்தது என்பதற்கு உள்ளூர்ச் சான்று துணைநிற்கவில்லை.

இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் முதலாம் விஜயபாகுவைப் (1055–1110) பற்றிச் சொல்லும்போது, கரடுமுரடான வழியில் யாத்திரிகர்கள் படும் துன்பத்தைப் போக்க அவன் கிலிமலைக் கிராமத்தை மானியமாக விட்டதைக் குறிப்பிடுகிறது. கதலிகாமப் பாதைக்கும் ஊவாப் பாதைக்கும் தனித்தனியே அறக்கொடை உண்டு. கிலிமலை இரத்தினபுரிப் பக்கத்தது. கதலிகாமம் இன்றைய கெகெல்கமுவையாகக் கொள்ளப்படுகிறது. அது வடக்கே அம்பகமுவைப் பக்கம். ஆக, பாதைகள் மூன்று. அவற்றைப் பிரித்தது கடினம் அல்ல, யாத்திரிகர் புறப்படும் நாடு. தெற்கிலிருந்து வருபவருக்கு ஒன்று, மலைநாட்டாருக்கு ஒன்று, கிழக்கிலிருந்து வருபவருக்கு ஒன்று. அரசன் செலவிட்டது வழியின் துன்பத்தைக் குறைக்கத்தான்; அதைப் போற்ற அல்ல.

இதே மன்னனின் அம்பகமுவைப் பாறைக் கல்வெட்டு இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. மலைக்குச் செய்த திருப்பணிகளைப் பட்டியலிடும் அது, திருவடி முற்றத்துக்குக் கீழே தாழ்ந்த சாதியார் நின்று வணங்கத் தனியே ஒரு முற்றம் அமைத்ததையும் சொல்கிறது. பிறப்பால் மக்களைப் பிரித்த கொடுமை இதில் வெளிப்படை. பாதைகளின் வரலாற்றுக்கு இதில் வேறொரு செய்தியும் உண்டு. தனி முற்றம் கட்ட வேண்டிய அளவுக்கு எளிய மக்கள் உச்சிவரை ஏறியிருக்கிறார்கள். ஏறி வந்தவர் எந்தப் பாதையில் வந்தார் என்று கல்வெட்டு கேட்கவில்லை. எந்தக் குலத்தவர் என்றே கேட்டது. ஒரே கல்வெட்டை வைத்து யாத்திரைக் கூட்டத்தின் அளவை நிறுவ முடியாதுதான். ஆயினும், எளிய வழியில் வந்தவரின் யாத்திரை செல்லாது என்ற விதி அக்காலத்தில் இருந்திருந்தால், வழியெங்கும் சோறிடக் கிராமங்களை எழுதிவைத்ததற்குப் பொருளே இல்லை.

13ஆம் நூற்றாண்டிலும் போக்கு மாறவில்லை. இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவபதிராசர் மலைவழியில் பாலங்கள் கட்டினார். உலப்பனையும் அம்பகமுவையும் அவற்றுள் அடங்கும். அரசு சீர்செய்த வழி வடக்குப் பாதை என்பது இதனால் தெளிவு. சங்கிலிகளும் இக்காலத்துக்குள் வந்துவிட்டன. நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அவற்றைக் குறிப்பிடுகிறார். அவை எப்போது முதலில் பொருத்தப்பட்டன என்பது முடிவாகவில்லை. அலெக்சாந்தரே பொருத்தினார் என்று பாரசீகக் கவிஞர் அஷ்ரஃப் பாடியதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை.

இனி, பாபாவும் மாமாவும் எவை? இன்றைய கடினமான இரத்தினபுரிப் பாதையைப் பாபா என்றும், பலரும் ஏறும் வடக்குப் பக்கத்து ஹட்டன் பாதையை மாமா என்றும் கொள்ளத் தோன்றும். இப்னு பதூதாவின் பயண வரிசை இதற்கு இடம் தரவில்லை. மாமா வழியே இறங்கியவர் பல ஊர்களைக் கடந்து தென்கோடியிலுள்ள தேவேந்திரமுனையை அடைகிறார். ஹட்டன் பக்கம் இறங்கியவர் அங்கே போக மலையைச் சுற்றியாக வேண்டும். ஏறும்முன் அவர் தங்கிய குனக்கார் எந்த ஊர் என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. அது குருநாகல் என்றால் அவர் வடக்கிலிருந்து ஏறி இரத்தினபுரிப் பக்கம் இறங்கியிருக்கலாம். அப்போது பாபா வடக்குப் பாதையாகிறது. இரத்தினபுரி என்றால் ஏறியது கிலிமலை வழி. இறங்கியதற்கு ஊவாப் பாதையே பொருந்தும். எப்படிப் பார்த்தாலும் மாமா பாதை ஹட்டன் பக்கத்தது ஆகாது. இடையிலுள்ள ஊர்ப்பெயர்கள் பல அடையாளம் காணப்படாதவை என்பதால், இரண்டில் ஒன்றை முடிவாகத் தேர்ந்தெடுப்பதற்கில்லை.

நூலின் தூரக் கணக்கும் இடிக்கிறது. பத்தாம் சங்கிலியிலிருந்து கிள்ரு குகைக்கு ஏழு மைல், அங்கே மூட்டைகளை வைத்துவிட்டு உச்சிக்கு மேலும் இரண்டு மைல் என்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஏறியவர்களோ சங்கிலிகளை உச்சிக்கூம்பின் செங்குத்தான பாறைகளில்தான் கண்டார்கள். சங்கிலிகள் இடம் மாறியிருக்கலாம். ஆனால் பத்தாண்டு கழித்து, 1355இல், இப்னு ஜுஸய்யிடம் சொல்லி எழுதுவித்த நூல் இது. நினைவில் வரிசை பிறழ்ந்தது என்று கொள்வதே பொருத்தம்.

ஹட்டன் பாதை இன்று எளிய வழியாக எண்ணப்படுவதற்குக் காரணம் தேயிலைத் தோட்டச் சாலைகளும் 1884இல் ஹட்டனுக்கு வந்த ரயிலும். நல்லதண்ணியிலிருந்து சுமார் ஏழு கிலோமீட்டர், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தலையிலிருந்து ஏறுவோர் கடக்கும் உயரம் இதைவிட மிக அதிகம். தூரமும் பல கிலோமீட்டர் கூடுதல். ஆனால் செங்குத்து ஹட்டன் பக்கமே கூடுதல். முழங்கால் வலி உள்ளவருக்கு அது எளிய வழியே அல்ல. குறுகிய பாதை என்பதாலும் வாகனம் அடிவாரம்வரை போவதாலும் எளிது எனப்படுகிறது, அவ்வளவே.

ஆகவே பாபா, மாமா என்ற பெயர்களை இன்றைய பாதைகள்மீது ஏற்றக் கூடாது. அவற்றை 14ஆம் நூற்றாண்டு யாத்திரிகர் ஒரு சாராரின் மதிப்பீடாகக் கொள்ளலாம். மலையின் பாதைகளுக்கு விஜயபாகுவின் மூன்று வழிகளே நம்பத்தக்க அடிப்படை.