பேட்டைகளின் பாதையில்: திருமங்கலம் முதல் சிவகாசி வரை

மதுரையிலிருந்து சிவகாசி போகிற வழியில், ஆமத்தூரில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். கூட வந்தவன் காலேஜ் காலத்து நண்பன். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கரிசல் காடு, அதற்குள் தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு அறைகள். "மாப்ள, இந்த வறண்ட பூமியில எப்படிடா இவ்வளவு பெரிய வியாபார ஊருங்க? ரயில் வந்ததாலதான்" என்றான்.

பாதிதான் சரி. மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை 1870-களில் விருதுப்பட்டி வழியாகப் போனது உண்மை (அந்த ஊருக்கு விருதுநகர் என்ற பேர் 1923-ல்தான் வந்தது). ஆனா சிவகாசிக்கு ரயில் வந்தது 1927-ல். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது அதற்கு நாலு வருஷம் முன்னாடி. அப்போ தொழிலில் முதல் போடுகிற பழக்கம் ஊருக்குள் ஏற்கெனவே இருந்திருக்கணும்.

ரயிலுக்கு முன்னால் இங்கே ஓடியது மாட்டுவண்டி. 1801-ல் பாளையக்காரர் போர்கள் முடிந்தபின், தெற்கே பனங்காட்டுச் சீமையிலிருந்து நாடார் வியாபாரிகள் கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கே வர ஆரம்பித்தார்கள். ராத்திரியில் வழிப்பறி பயம். அதனால் வண்டியும் சரக்கும் பத்திரமாகத் தங்க, சுற்றுச்சுவர் எழுப்பிய பேட்டைகளைக் கட்டினார்கள். சிவகாசி, விருதுப்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்கள் இப்படி வளர்ந்த கதையை ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல் வெளியிட்ட புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார்.

போனில் மேப்பைத் திறந்து நண்பனிடம் காட்டினேன். திருமங்கலத்திலிருந்து விருதுநகர் சுமார் 30 கிலோமீட்டர், அங்கிருந்து சிவகாசி சுமார் 25. பாரம் ஏற்றிய மாட்டுவண்டிக்கு ஏறக்குறைய ஒரு நாள் நடை. (எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. பாளையம்பட்டி அருப்புக்கோட்டையை ஒட்டியே இருக்கு.) காரில் அரைமணி நேரம். நாம கவனிக்காமலே தாண்டிடுறோம்.

பேட்டையைவிட எனக்குப் பெரிசாகப் படுவது மகமை. வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் பொது நிதிக்குக் கட்டணும். கிணறு, கோயில், சத்திரம் எல்லாம் அதில் வந்தவைதான். 1889-ல் விருதுப்பட்டியில் க்ஷத்திரிய வித்யாசாலை தொடங்கியதும் அந்தப் பணத்தில். காமராஜர் படித்த பள்ளிக்கூடம்.

"அப்போ காசு வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சா?" என்றான் நண்பன்.

இல்லை. இதே சிவகாசியில் விஸ்வநாதர் கோயிலுக்குள் நுழைய நாடார்களுக்கு உரிமை மறுக்கப்பட்டது. அந்தத் தகராறு முற்றி, 1899 ஜூன் 6-ஆம் தேதி பெரும் கும்பல் ஒன்று ஊரைத் தாக்கியது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. விருதுப்பட்டியில் பள்ளிக்கூடம் வந்து அப்போ பத்து வருஷம் ஆகியிருந்தது. கோயில் நுழைவுக்குச் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1939-ல்.

நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "முதல்ல அந்தக் கோயிலுக்குப் போயிடுவோம், புரோட்டா அப்புறம்" என்றான். விருதுநகர் எண்ணெய் புரோட்டா சாப்பிடத்தான் அவன் கிளம்பி வந்ததே.