தப்பிய கப்பல்களும் தோற்காத முற்றுகையும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் துறைமுகங்களை முற்றுகையிடுவதாக லிங்கன் 1861 ஏப்ரலில் அறிவித்தார். அந்த முற்றுகை தோற்றது என்போர் ஒரு கணக்கைக் காட்டுவார்கள். வரலாற்றாசிரியர் ஸ்டீபன் வைஸ் தொகுத்தபடி, நீராவிக் கப்பல்கள் ஏறத்தாழ 1,300 முறை அதைக் கடக்க முயன்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முயற்சிகள் பலித்தன. கணக்கில் பிழையில்லை, ஆனால் புறப்பட்ட கப்பல்களை மட்டுமே அது எண்ணுகிறது. காவலுக்கு அஞ்சிப் புறப்படாமலே போன சரக்குக் கப்பல்களுக்கு அதில் இடமில்லை. முற்றுகையின் விளைவைத் தேட வேண்டியது தப்பி வந்த கப்பல்களின் வடிவத்தில்தான் என்பது என் வாதம்.

1863இல் லிவர்ப்பூலில் கட்டப்பட்ட ‘பேன்ஷீ’யை எடுத்துக்கொள்வோம். நீளம் 214 அடி, அகலம் 20 அடி. வேகத்துக்காகவே ஒடுக்கப்பட்ட எஃகு உடல். இவ்வகைக் கப்பல்களுக்குச் சாம்பல் நிறம் பூசினார்கள். புகை தெரியாதிருக்க ஆந்த்ரசைட் நிலக்கரியைத் தேடி வாங்கினார்கள். நிலவில்லாத இரவில் விளக்கணைத்து, கரையோர அலையிரைச்சலில் தம் ஓசை அமுங்கும்படி வில்மிங்டன் துறைமுகத்துக்குள் நுழைந்தார்கள். கரையறிந்த வழிகாட்டி மாலுமிக்குக் கிடைத்த கூலி பெருந்தொகை. எட்டு முறை சென்று மீண்ட பேன்ஷீ ஒன்பதாம் முறை பிடிபட்டது. அப்படியும் பங்குதாரர்களுக்கு எழுநூறு சதவீதம் இலாபம் என்கிறார்கள். அந்த இலாபமே தெற்கில் பஞ்சம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறது. ஒடுங்கிய கப்பலில் இடம் குறைவு. எடை குறைந்து விலை மிகுந்த சரக்கே அதில் ஏறும், தண்டவாளம் ஏறாது. 1864 பிப்ரவரியில் தென்னகக் காங்கிரஸ் ஆடம்பரப் பொருள் இறக்குமதியைத் தடை செய்ய நேர்ந்ததும் இதனால்தான்.

படைக்குத் துப்பாக்கி வந்ததே என்பது வலுவான மறுப்பு. வைஸின் மதிப்பீட்டில் ஏறத்தாழ 4 லட்சம் துப்பாக்கிகள் இவ்வழியே வந்தன. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் துப்பாக்கி பிடித்தவனுக்குச் சோளம் கொண்டுபோக இரயில் வேண்டும். முன்பு கரையோரப் பாய்க்கப்பல்கள் சுமந்த உள்நாட்டுச் சரக்கும் முற்றுகையால் அதே இரயிலின் தலையில் விழுந்தது. கிளைப் பாதைகளின் தண்டவாளத்தைப் பெயர்த்து முதன்மைப் பாதைகளைச் செப்பனிடும் நிலை வந்தது. பருத்தி ஏற்றுமதி சரிந்ததற்கு 1861இல் தெற்கே தன் சரக்கைப் பிடித்துவைத்ததுதான் காரணம் என்றும் சொல்வார்கள். முதலாண்டுக்கு அது பொருந்தும். பிறகு விற்கத் துடித்தபோதும் போர்க்காலம் முழுவதிலும் முற்றுகையைக் கடந்தது ஏறத்தாழ 5 லட்சம் பொதி. போருக்கு முன் ஒரே ஆண்டில் போனதோ 30 லட்சத்துக்கு மேல்.

முற்றுகை அவ்வளவு வலுவானதென்றால் வில்மிங்டனைக் காத்த ஃபிஷர் கோட்டையை வடக்குப் படை தாக்கிப் பிடித்தது ஏன் என்று கேட்கலாம். கடலில் நின்ற காவற்கப்பல்களால் வில்மிங்டனை முழுதாக மூட முடியவில்லை. 1865 ஜனவரி 15 அன்று கோட்டை விழுந்த பிறகே அந்த வழி அடைபட்டது. இந்த அளவுக்கு மறுப்பாளர் சொல்வது சரி. ஆனால் கசிவே இல்லாத வேலியைத் தேடுபவர்கள், கசிந்து வந்த ஒவ்வொரு டன்னுக்கும் தெற்கு கொடுத்த பருத்தியையும் பொன்னையும் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?